ஊரை எழுப்பிய குழாய் எடைக்குப் போகிறது!

புளியங்குடி என்றதும் எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வரும். திருமங்கலம்–கொல்லம் ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் மூட்டை மூட்டையாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தச் சீமையில் பழைய மைக்செட்காரர் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் வேறொரு சரக்கு கிடக்கும்.

நாலு அடி நீள அலுமினியக் குழாய்! கூடவே, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத வால்வு ஆம்பிளிபயர்!

ஒரு காலத்தில் கொடைக்குக் கால் நாட்டியாச்சு என்றால் அடுத்து வந்து இறங்குவது இந்த 'ரேடியோ செட்'தான். வேப்பமரத்து உச்சியில் ஒன்று, பனைமரத்தில் ஒன்று என்று குழாயைக் கட்டுவார்கள். சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டைப் பாடினால் பொங்கல் பானை வைக்கலாம் என்று அர்த்தம். எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு வந்தால் சாமியாட ஆள் ரெடி!

"ஏலே, குழாயைக் கொஞ்சம் தெக்க திருப்புலே" என்று கீழே நின்று சத்தம் போடுவதற்கே நாலு பேர் இருப்பார்கள். பக்கத்து ஊருக்குக் கேட்காவிட்டால் அது என்ன கொடை?

ரகசியம் என்ன?

இவ்வளவுக்கும் அந்த ஆம்பிளிபயரின் பவர் 30, 50 வாட்தான். இன்று கல்யாண மண்டப வாசலில் அடுக்கி வைக்கிற பெட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் வாட் வேண்டியிருக்கிறது.

ரகசியம் கூம்பில் இருக்கிறது. பின்னால் இருக்கும் 'யூனிட்'டில் ஒரு மெல்லிய தகடு அதிரும். அந்தச் சின்ன அதிர்வைக் கூம்பு கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, சிதற விடாமல் ஒரே பக்கமாகத் தள்ளும். அதே சத்தத்தைச் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் கொண்டுவர பத்து மடங்குக்கு மேல் பவர் வேண்டும். குழாயில் 'டம் டம்' என்ற அடிச்சத்தம் வராது. மனுஷக் குரலும் நாதசுரமும் கணீரென்று வரும்.

ஜெயில் பார்த்த கம்பெனி

பழைய குழாய்களில் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயரைப் பார்க்கலாம். அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மோத்வானே என்ற சிந்திக் குடும்பத்தின் பம்பாய்க் கம்பெனி அது. காங்கிரஸ் மாநாடுகளுக்கு மைக் கட்டிய கம்பெனி. 1942ல் வெள்ளையனுக்குத் தெரியாமல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசிய ரேடியோ நடத்தினார்களே, அந்தக் கேசில் கம்பெனி முதலாளி நானிக் மோத்வானேயும் கைதானார். பிறகு விடுதலையானார்.

1940ல் டெல்லியில் தொடங்கிய அஹூஜா கம்பெனியின் ஆம்பிளிபயரும் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

வீட்டு ரேடியோவும் அன்று லேசுப்பட்டதல்ல. மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று மரப்பெட்டிக்குள் இருக்கும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடாக வேண்டும்! 1963ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. இருந்தாலும் சினிமாப் பாட்டுக்கு ஜனங்கள் இலங்கை பக்கம்தான் முள்ளைத் திருப்பினார்கள். இதற்குத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

தடை யாருக்கு?

இப்போது திருவிழாவுக்கு அனுமதி கேட்டுப் போனால், கூம்பு வடிவக் குழாய் கட்டக் கூடாது என்று போலீசார் நிபந்தனை போடுகிறார்கள். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கு நேராக நடுராத்திரியில் குழாயைத் திருப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த ஆட்டம் ஆடியவர்களும் இருந்தார்கள். மறுக்க முடியாது.

ஆனால் 2000ம் ஆண்டு வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் கூம்பா, பெட்டியா என்று கேட்கவில்லை. எத்தனை டெசிபல் என்றுதான் கேட்கின்றன. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பொது இடத்து எல்லையில் எந்த நேரத்திலும் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

நெஞ்சு அதிர, ஜன்னல் கண்ணாடி நடுங்க, டிராக்டரில் ஏற்றி வரும் பெட்டி இந்த 75க்குள் அடங்குகிறதா? மீட்டர் வைத்து அளந்தால்தானே தெரியும்! அளவு மீறினால் இரண்டையும் நிறுத்துங்கள். அளவுக்குள் பாடினால் 30 வாட் குழாய்க்கு மட்டும் என்ன தண்டனை?

கட்ட முடியாத குழாயை வைத்துக்கொண்டு மைக்செட்காரர் என்ன செய்வார்? பழைய இரும்புக் கடையில் அலுமினிய விலைக்குப் போடுகிறார். பழைய ரேடியோ, ஆம்பிளிபயர் என்றால் உயிரை விடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கண்ணில் பட்டால் நல்ல விலை கிடைக்கும். முக்கியமாக, உடைபடாமல் தப்பும்.

பரணில் வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பாடுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு நேராக பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும்; கை வைத்தால் தூக்கி எறிந்துவிடும். வால்வு வேலை தெரிந்த பழைய மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்து, அவரிடம் கொண்டு போங்கள்.