விமானம் ஓட்டிய அம்மாள் தெரு நாய்க்கு வீட்டைத் திறந்து விட்டார்!

சென்னை கிண்டியில் இருந்து வேளச்சேரிக்கு பஸ்சில் போகிறவர்களுக்குத் தெரியும். ஓர் இடம் வந்ததும் நாய்கள் குரைக்கும் சத்தம் காதைப் பிளக்கும். அதுதான் "புளூ கிராஸ்".

அடிபட்ட நாய், கால் ஒடிந்த மாடு, காத்தாடி நூலில் சிக்கிய காக்கா... எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி அது. ஆனால் அது பிறந்தது தியாகராய நகரில் உள்ள ஒரு வீட்டில். அந்த வீட்டு அம்மாள் பெயர் உஷா சுந்தரம்.

நேரு ஏறிய விமானம்

இவர் சாதாரணப் பெண்மணி அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பெயர் வாங்கியவர். கணவர் கேப்டன் சுந்தரமும் விமானிதான். தம்பதி ஓட்டிய விமானத்தில் நேரு, படேல், ராஜேந்திர பிரசாத் எல்லாம் பயணம் செய்திருக்கிறார்கள்.

1951-ல் சின்னஞ்சிறு "டவ்" விமானத்தை லண்டனில் இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து அசத்தினார்கள்.

வெள்ளத்தில் குட்டிகள்

1959-ம் ஆண்டு. பேய் மழை. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைப் பார்த்து விட்டார் கேப்டன். அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நம்ம வீட்டில் என்ன நடக்கும்? "எங்கே கிடந்ததோ, வெளியே விடுங்க" என்று சத்தம் போடுவார்கள். உஷா அம்மாள் கதவைத் திறந்து விட்டார். அன்று திறந்த கதவுதான் புளூ கிராஸ். சம்பளம் இல்லாத வேலை. பிள்ளைகளும் அதில் இறங்கினார்கள்.

135 உயிர்

அந்தக் காலத்தில் கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்தால் தெருவே ஓடும். பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1995-ல் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை செத்தன என்பது புளூ கிராஸ் சொல்லும் கணக்கு.

இவ்வளவு கொன்றும் நாய் குறைந்ததா? இல்லை. ஒரு தெரு காலியானால் அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்து கொள்ளும். அது குட்டி போடும். குப்பைத் தொட்டியில் சோறு இருக்கிற வரை இதுதான் கதை.

"கொல்லாதே. கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு" என்று 1964-லேயே சொன்னது புளூ கிராஸ். கார்ப்பரேஷன் காதில் அது ஏற 30 வருஷத்துக்கு மேல் ஆனது. 1996-ல் சென்னையில் இந்த முறை வந்தது. 2001-ல் நாடு முழுவதற்கும் மத்திய அரசு விதி போட்டது.

பயமும் நிஜம்தான்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நாய் துரத்தினால் தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் விடக்கூடாது என்றது. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையங்களில் இருந்து நாய்களை அகற்றச் சொன்னது. சண்டை ஓய்ந்தபாடில்லை.

நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊசி இலவசம். பாதியில் நிறுத்தாதீர்கள். வெறிநோய் வந்து விட்டால் பிழைப்பது அரிது.

காதில் ஒரு வெட்டு

உஷா சுந்தரம் 2010 ஏப்ரலில், 86 வயதில் காலமானார்.

இன்று வீட்டுக்குப் போகும்போது டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயின் காதைப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறதா? கருத்தடை முடிந்த நாய் அது. அந்தக் காலமாக இருந்தால் நாய் வண்டியில் போயிருக்கும்.

அது உயிரோடு படுத்திருப்பதில் அந்த அம்மாளுக்கும் பங்கு உண்டு.