இருமுனை வரிசையிற் பொருள் எடுக்கும் முறை

ஒரே பொருளை இருவர் ஒரு கணத்தில் எடுக்க முயன்றால் விளையும் குழப்பம் யாவரும் அறிந்ததே. கணினியினுள்ளும் இக்குழப்பம் நேர்வதுண்டு. அதனைத் தவிர்க்கும் வழியை நம் மாணாக்கர்க்கு விளங்குமாறு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கினின்றும் ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் மிகுதி. 1981 ஆம் ஆண்டிற் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அவ்வாலைகளின் சரக்கைக் கிடங்கில் வைத்து விற்றுத் தருவதாகும். கிடங்கொன்றில் மூட்டைகள் ஒரே வரிசையாய் அமைந்து, இரு கோடியிலும் வாயில் இருப்பதாகக் கொள்வோம். எவ்வாயிலிலும் மூட்டையை இடலாம், எடுக்கலாம். கணினி வல்லார் இவ்வமைப்பை இருமுனை வரிசை என்பர். ஒரு நிரலினுள் ஒருங்கே நடைபெறும் வேலைத் தொடர்கள் இழைகள் எனப்படும். நம் உவமையில், வாயில்களில் நிற்கும் ஆட்களே இழைகள்.

மூட்டைகள் பல இருக்குங்கால் இடரில்லை. ஒன்றே எஞ்சும்போதுதான் இடர். கீழ்வாயிலில் நிற்பவன் எட்டிப் பார்த்து, ஒன்று உளதென உறுதி கூறுகிறான். அவன் கை நீட்டுமுன் மேல்வாயிலில் நிற்பவன் அதனை எடுத்துச் சென்றுவிடுகிறான். இருவரும் பொய் கூறினாரல்லர். பார்த்தற்கும் எடுத்தற்கும் இடைப்பட்ட கணமே பிழையை விளைத்தது. எஞ்சிய ஓர் இருக்கையை இருவர்க்கு விற்றுவிடும் நிரலின் குற்றமும் இத்தகையதே.

இழைப்பாதுகாப்புடைய வரிசையைக் கையாண்டால் இனிக் கவலையில்லை எனப் பலர் எண்ணுவர். அவ்வரிசை ஒவ்வொரு தனிச் செயலையும் பிறர் குறுக்கிடாவண்ணம் முடித்துத் தரும். ஆயின் இரு செயல்களை நாமே அடுத்தடுத்து வைத்தால், நடுவிலுள்ள இடைவெளியை அது காவாது. ஆதலின், 'உளதோ?' என முன்னர் வினவாது, எடுத்துப் பார்த்துக் கையில் வந்ததைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

ஜாவா மொழியின் ஆறாம் பதிப்பில், 2006 ஆம் ஆண்டில், 'லிங்க்டு பிளாக்கிங் டெக்' என்னும் இத்தகைய வரிசை இடம்பெற்றது. அதில் 'பீக் பர்ஸ்ட்' முன்முனையைப் பார்க்கும், எடாது. 'போல் பர்ஸ்ட்' உள்ளதை எடுத்துத் தரும். வரிசை வெறுமையாயின் 'நல்' என்னும் வெற்றுக்குறியை உடனே தரும். காலவரம்பு குறித்தால் அவ்வளவும் காத்திருக்கும். 'டேக் பர்ஸ்ட்' பொருள் வருமளவும் காத்திருக்கும். 'பர்ஸ்ட்' என்பதற்கு 'லாஸ்ட்' என இட்டால் இவையே பின்முனைக்கும் ஆகும். வேறு பணியுடைய இழைக்குப் 'போல்' ஏற்றது. வேறு பணியில்லாததற்கு 'டேக்' ஏற்றது. எனினும் பொருளை இடுவார் இல்லாதொழியின் 'டேக்' முடிவின்றி நிற்குமாதலின், ஆண்டுக் காலவரம்பு குறிப்பதே அறிவுடைமை.

இரு முனையும் எதற்கென வினவலாம். 2011 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் வந்த 'போர்க் ஜாயின்' முறையில், ஒவ்வோர் இழையும் தன் வரிசையின் ஒரு முனையினின்று தான் இறுதியாய் இட்ட பணியை வழக்கமாக எடுக்கும். ஓய்ந்திருக்கும் அயல் இழை மறுமுனையினின்று பழம்பணியை எடுத்துதவும். பணி பல உள்ளவரை இரண்டும் மோதுவதில்லை. எஞ்சிய ஒன்றின்மேலேயே பூசல் எழும்.

நிரல் எழுதப் புகும் மாணாக்கர் அவ்வெஞ்சிய ஒன்றினை மனத்திற்கொண்டு எழுதுவாராக. பல மூட்டையுள்ள நாளிற் பழுதின்றி நடந்த நிரல், ஒரு மூட்டையுள்ள நாளிலும் அங்ஙனமே நடந்தாலன்றி நம்பத்தக்கதன்று.