அருணாசல வனப்பாதைகளில் மிதிவண்டிப் பயணம்: அனுமதி ஏன் அவசியம்?

நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் காடுகளைக் கொண்ட அருணாசலப் பிரதேசத்தின் மலைப்பாதைகள், மிதிவண்டி சாகசப் பயணிகளை ஈர்த்து வருகின்றன.

பிற மாநிலத்தவர் அங்கு நுழைய, 1873-ஆம் ஆண்டு வங்காள கிழக்கு எல்லை ஒழுங்குமுறையின்படி 'இன்னர் லைன் பெர்மிட்' எனப்படும் அனுமதிச் சீட்டு கட்டாயம். எனினும், அது மட்டும் போதாது. சுமார் 1,985 சதுர கி.மீ. பரப்பளவுள்ள நம்தாபா போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் செல்ல, 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனத்துறை அனுமதியும் தேவை.

இதற்குக் காரணம் உண்டு. மிதிவண்டி ஓசையின்றி விரைவதால், வளைவுகளில் யானை, கரடி போன்ற விலங்குகள் முன்னறிவிப்பின்றி எதிர்ப்படக்கூடும். கைப்பேசி சமிக்ஞை கிடைக்காத காட்டில் விபத்து நேரிட்டால், மீட்புக் குழுவினர் நடந்தே வர வேண்டியிருக்கும். செல்லும் பாதை முன்கூட்டியே பதிவாகியிருந்தால்தான் எங்கு தேடுவது என்பது அவர்களுக்குத் தெரியும்.