எண்ணிக்கை ஏறினால் எதிர்ப்பு ஏறுமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அவர்கள் முதலில் தேடுவது 'டோட்டல் கவுண்ட்'. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை வெள்ளையணுக்கள் என்ற கணக்கு அது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். அடுத்து வரும் கேள்வி, எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம் என்பது. வெள்ளையணுக்களைப் படைவீரர்கள் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம். படை பெருத்தால் நல்லதுதானே என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் உடலின் பாதுகாப்பு, அளவைவிட அடையாளம் காண்பதிலும் அடங்கத் தெரிவதிலும்தான் இருக்கிறது.

ரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். சிலருக்கு எண்ணிக்கை ஒரு லட்சத்தையும் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை முதிராத, வேலைக்கு உதவாத அணுக்கள் என்றால், அந்த நோயாளி சாதாரணத் தொற்றுக்கும் தாங்கமாட்டார். டெங்குவிலோ எண்ணிக்கை 4,000க்குக் கீழே இறங்குவது வழக்கம், பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். பாக்டீரியா புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில்கள் கிருமியை விழுங்கி, தாமும் மடிந்து சீழாகின்றன. கிருமியை இனம் கண்டு குறிவைப்பவை லிம்போசைட்டுகள். புதுக் கிருமி என்றால் அவை பெருகிவரச் சில நாட்கள் ஆகும். அதே கிருமி மறுபடி வந்தால் நினைவணுக்கள் முந்திக்கொள்ளும். இவற்றில் டி செல்கள் நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் தேர்வாகின்றன. அங்கே உருவாகுபவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளியேறுவதே இல்லை. சொந்த உடலைத் தாக்கக்கூடியவையும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தொற்றின்போது எதிர்ப்பு அடங்காமல் மீறினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், நோயெதிர்ப்பைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று கஷாயம் குடிப்பதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். நம்பிக் காத்திருப்பதில்தான் கெடுதல். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு ஆகியவை தென்படும்போது, காய்ச்சல் விட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நல்ல உணவு எதிர்ப்பைக் கூட்டத்தானே செய்கிறது? ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. காசநோயாளிகளின் குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மற்றப் பிரிவைவிட அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. காசநோய்க் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுவுக்குள்ளேயே அது பிழைத்துக் கிடக்கும். அதை அடக்கி வைக்க டி செல்களின் தூண்டுதல் வேண்டும். பட்டினி உடலில் அந்தத் தூண்டுதல் தளர்ந்துபோகிறது. அந்தக் குடும்பங்களில் எடைக்குறைவு பரவலாக இருந்தது. ஆக, அங்கே சோறும் பருப்பும் ஈடுகட்டியது ஒரு பற்றாக்குறையை. வயிறார உண்பவர் அதன்மேல் வாங்கிக் குடிக்கும் பானத்துக்கு இது சான்றாகாது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இந்தப் பற்றாக்குறையைத்தான் தேடுகிறது. நோய் உறுதியானதும் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, மிக நலிந்தவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.