மலையின் பெயரும் குடிப்பெயரும்



'வாஷிங்டன்' என்பது முதலில் இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்து ஊர் ஒன்றின் பெயர். அவ்வூரை உடைமையாகப் பெற்ற குடும்பம் அதனையே குடிப்பெயராகக் கொண்டது. அக்குடியின் வழிவந்தவரே அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர். அந்நாட்டில் அரியதொரு குடிப்பெயரைக் கண்டால், அதனையுடையோர் யாவரும் ஒரு மூதாதையின் மரபினராதல் கூடும். 'அருணாசலம்' என்ற பெயரை இம்முறையில் ஆராயப் புகுந்தால் வழி தவறுவோம்.

அருணம் செந்நிறம், அசலம் அசையாதது, அஃதாவது மலை. அண்ணுதல் என்பது நெருங்குதல். அடிமுடி காண்பதற்கரிய மலை அண்ணாமலை. திருவண்ணாமலையின் இப்பெயர்கள் இறைவனுக்காகி, பின்னர் மக்களுக்காயின. அருணகிரி, சோணாசலம் என்பனவும் அம்மலையே. அம்மை உண்ணாமுலையின் பெயரைப் பெண்மக்களுக்கு இடுவர். இவற்றை இடுவதற்கு இவ்வூரில் பிறந்திருக்க வேண்டுவதில்லை, நேர்ந்துகொண்டால் போதும். ஆகவே இரு அருணாசலங்கள் உறவினர் என்று கொள்ளுதற்கில்லை. இவ்வூர் வகுப்பொன்றில் மூன்று அண்ணாமலைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமன்று! தந்தை பெயரின் தலைப்பெழுத்தே துணை.

அத்தந்தை பெயரும் ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது. கொழும்பில் 1853இல் பிறந்து, 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான பொன்னம்பலம் அருணாசலத்தை நோக்குங்கள். பொன்னம்பலம் அவர் தந்தை. அவர் மகனோ அருணாசலம் மகாதேவா. பின்னின்ற பெயர் முன்வந்துவிட்டது, பொன்னம்பலம் விடைபெற்றது.

கடல் கடந்தோரிடம் இவ்வோட்டம் உறைந்தது. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை நேட்டாலில் இறக்கிற்று. கப்பற் பதிவேட்டில் ஆளின் பெயரும் தந்தை பெயரும் ஊரும் எழுதப்பட்டன. அயலார் ஆட்சியில் பிள்ளைகளைப் பதிந்தபொழுது, தந்தையின் பெயர் பலருக்குக் குடிப்பெயராயிற்று, பேரனுக்கும் அதுவே. வட ஆர்க்காட்டிலிருந்து சென்றோர் பலராதலின், அருணாசலமும் தென்னாப்பிரிக்காவில் குடிப்பெயராக வழங்குகிறது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப்புத் தீவில், 1854 முதல் குடியேறிய தமிழரின் முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். மொரிசியசில் 2018, 2019 ஆண்டுகளில் தற்காலிகக் குடியரசுத் தலைவராயிருந்த பார்லன் வையாபுரியின் குடிப்பெயர், பழனியின் பழம்பெயர்களுள் ஒன்று.

இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களில் குடிப்பெயருக்கெனத் தனிக் கட்டம் உண்டு. நம் மாணவர் பலர் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரை அதில் எழுதுகின்றனர். பிறகு அங்குள்ள ஆசிரியர் மகனைத் தந்தையின் பெயரால் அழைக்கிறார்! அவர் அந்நாட்டிலேயே தங்கிவிட்டால், பிள்ளைகளுக்கும் பாட்டன் பெயரே குடிப்பெயராகக்கூடும். எப்பெயரை எழுதுவதென வீட்டாருடன் முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். மதிப்பெண் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அது ஒரே வகையாக இருக்கட்டும்.