உங்களுக்குத் தெரியுமா? மலை ஏறினால் மரக்கறியும் மாறும்

■ எல்ல நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,040 மீற்றர் உயரம். கீழே வெல்லவாய சுமார் 200 மீற்றர்தான். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். அதனால்தான் கீழே மாவும் வாழையும், மேலே பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கரட், கோவா, லீக்ஸ்.

■ உருளைக்கிழங்கு நன்றாகக் கட்ட 15 முதல் 20 பாகை வேண்டும். சூடு கூடினால் செடி செழிக்கும். தண்டும் இலையும் சத்தை எடுத்துக்கொள்ள, கிழங்கு சிறுத்துவிடும்.

■ பகல் 32 பாகையையும் இரவு 21 பாகையையும் தாண்டிய சூடு தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ காம்போடு உதிரும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. போஞ்சிப் பூவும் கடும் வெயிலில் கொட்டும்.

■ தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் இதுதான். லயத்து மரக்கறிப் பாத்தியைக் காயவைப்பதும் இதுதான்.

■ பிபிலைத் தோடம்பழம் பழுத்தும் பச்சையாக இருக்கும். தோல் நன்றாக நிறம் மாற ஏறக்குறைய 13 பாகைக்குக் கீழான குளிர் இரவுகள் தேவை. பிபிலையில் அது கிடைப்பதில்லை. இனிப்புக்குக் குறைவில்லை!

■ செய்து பாருங்கள்: பாத்தியில் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்புங்கள், காலையிலேயே தண்ணீர் ஊற்றுங்கள். வேரடி மண் குளிர்ந்தால் செடி வெயிலைத் தாங்கும்.