இருப்பு உச்சவரம்பு: பழைய வரலாறு இன்றைய கடைக்கு எதற்கு?

பஞ்சம், போர், பாராளுமன்ற விவாதம் என்பனவெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு, மளிகைக் கடைக்காரனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்கும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவை எண்ணி முடிக்கும் வரை ஓய்வில்லாத நமக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நம் கிடங்கில் எத்தனை மூட்டை துவரம் பருப்பு அடுக்கலாம் என்பதை நம்முடைய முதலும் இடவசதியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் நடந்த ஒரு பேரழிவும், அதன் பிறகு இன்றுவரை ஓயாத ஒரு விவாதமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2023 ஜூன் 2ஆம் தேதி மத்திய அரசு துவரை, உளுந்து ஆகியவற்றுக்கு இருப்பு உச்சவரம்பு விதித்தது. ஒவ்வொரு பருப்புக்கும் மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறை வியாபாரிக்கு 5 டன். அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி மொத்த வியாபாரியின் அளவு 50 டன்னாகக் குறைக்கப்பட்டது. ஜூன் மாத ஆணையை நம்பி 200 டன் கொள்முதல் செய்தவர், நான்கு மாதம் நிறைவதற்குள் முக்கால் பங்குச் சரக்கைத் தள்ளிவிட வேண்டிய நிலை. இந்த அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது?

1943: சந்தேகம் பிறந்த ஆண்டு

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மிதுனபுரிப் பகுதியைப் புயல் தாக்கியது. எதிரி கைக்குப் போய்விடும் என்று கரையோரப் படகுகளை ஆங்கில அரசு அப்புறப்படுத்தியதால், வங்காளத்தின் உள்நாட்டுப் போக்குவரத்தும் முடங்கியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. மாண்டவர்கள் தொகையை விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்று மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், 1943இல் வங்காளத்தில் இருந்த தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு என்று வாதிட்டார். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால், போர்க்காலப் பணப்புழக்கத்தால் விலை ஏறியது, கூலிக்காரனின் கூலி ஏறவில்லை, விலை இன்னும் ஏறும் என்ற எண்ணத்தில் சரக்கு பதுங்கியது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். விசாரணைக் கமிஷன் அரசு நிர்வாகத்தின் தோல்வியையும் சுட்டியது. கொள்ளை லாபம் அடித்தவர்களையும் சுட்டியது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டு முழுப் பொய் என்று நாம் சொல்ல முடியாது. ஒரு சிலர் செய்த பாவம்தான் "வியாபாரி என்றால் பதுக்கல்காரன்" என்ற சொல்லாக இன்றுவரை நம் அனைவர் தலைமீதும் நிற்கிறது.

போர்க்காலத்துப் பாதுகாப்பு விதிகள் 1946இல் தற்காலிகச் சட்டமாக நீடித்தன. அந்தத் தற்காலிகமே 1955இல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் என்று நிரந்தரமானது. அதன்படி பிறப்பித்த ஆணையை மீறினால் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கைப்பற்றிய சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு.

கட்டுப்பாடா, சுதந்திர வாணிபமா?

சுதந்திரம் வந்த சில மாதங்களிலேயே இந்த விவாதம் சூடு பிடித்தது. கட்டுப்பாடு லஞ்சத்தையும் கள்ளச் சந்தையையுமே வளர்க்கிறது என்று காந்தியடிகள் 1947 இறுதியில் தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் வற்புறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தொடங்கியது. ஆனால் விலைகள் தாவி ஏறின. 1948 செப்டம்பரில் மறுபடியும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

அதே கட்டுப்பாட்டை 1952 ஜூனில் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி துணிந்து நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அதை ஆதரித்தார். இந்த முறை வெற்றி கிட்டியது. காரணம் என்ன? 1951இல் அமெரிக்கக் கடனில் கோதுமை வந்திருந்தது; பின்னர் நல்ல விளைச்சலும் கைகொடுத்தது. 1947இல் இல்லாத கையிருப்பு 1952இல் இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் உண்டு. 1973 ஏப்ரலில் மத்திய அரசு கோதுமை மொத்த வியாபாரத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டது. குவிண்டாலுக்கு 76 ரூபாய் என்று விலை வைத்தது. கட்டுப்படியாகாத விவசாயி கோதுமையைக் கொண்டுவரவில்லை. கொள்முதல் எதிர்பார்ப்புக்கு மிகவும் பின்தங்கி, சுமார் 45 லட்சம் டன்னோடு நின்றது. அரிசி வியாபாரத்தையும் எடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. 1974இல் மொத்த வியாபாரிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். விலையும் 105 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மண்டிக்காரர் செய்யும் தரம் பிரித்தல், கடன் கொடுத்தல், வண்டி பிடித்தல் ஆகிய வேலைகளை ஆணையால் மட்டும் செய்துவிட முடியாது என்பதை அரசே அனுபவத்தில் கண்டது.

2020இல் வந்தது, 2021இல் போனது

2002 பிப்ரவரியில் பல உணவுப் பொருட்களுக்கு உரிமம், இருப்பு வரம்பு, போக்குவரத்துத் தடை ஆகியவை நீக்கப்பட்டன. 2006இல் விலை ஏறியதும் கோதுமைக்கும் பருப்புக்கும் வரம்பு விதிக்க மறுபடி வழி திறக்கப்பட்டது.

2020இல் சட்டமே திருத்தப்பட்டது. போர், பஞ்சம், கடும் இயற்கைச் சீற்றம், அசாதாரண விலையேற்றம் ஆகிய காலங்களில் மட்டுமே உணவுப் பொருட்களைக் கட்டுப்படுத்தலாம் என்றது திருத்தம். காய்கறி, பழ விலை இரு மடங்காக வேண்டும். கெடாத உணவுப் பொருள் விலை 50 சதவீதம் ஏற வேண்டும். அதற்குப் பிறகே இருப்பு வரம்பு. வணிகர் பலர் நெடுநாள் கேட்ட தெளிவு இதில் இருந்தது. ஆனால் பெருநிறுவனங்கள் வரம்பின்றிச் சேமித்துச் சந்தையை வளைத்துவிடும் என்று விவசாயிகள் அஞ்சினர். அந்த அச்சம் சிறு கடைக்காரர்களுக்கும் பொருந்தக்கூடியதே.

திருத்தம் நிறைவேறி ஒரு மாதத்தில் வெங்காய விலை எகிறியது. 2020 அக்டோபரில் சில்லறைக்கு 2 டன், மொத்தத்துக்கு 25 டன் என்று வரம்பு வந்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது. நவம்பரில் பாராளுமன்றம் அவற்றை ரத்து செய்தது. அளவுகோல் போயிற்று, 1955ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வடிவில் நிற்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது, வரம்பு எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். பருவமழை பொய்த்து, விளைச்சல் குறைந்து, அரசின் கையிருப்பும் இளைத்து, விலை ஏறத் தொடங்கினால் ஆணை தொலைவில் இல்லை. அந்த நேரத்தில் கடன் வாங்கிச் சரக்கைக் குவிப்பது ஆபத்து.

இரண்டாவது, இருப்புப் பதிவேடும் கொள்முதல் பில்லுமே நமக்குக் கவசம். அன்றாடம் எழுதிய பதிவேடு உள்ளவரை, வியாபாரச் சரக்கைப் பதுக்கல் சரக்கு என்று சொல்வது எளிதல்ல. வரம்பு வந்தால் இருப்பை அரசின் இணையதளத்தில் அறிவிக்கத் தாமதிக்கவும் கூடாது.

மூன்றாவதே முக்கியமானது. அடுத்த விவாதம் வரும்போது "கட்டுப்பாடே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் 1943ஐயும் 1948ஐயும் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்கள். "கட்டுப்பாடு வரட்டும்; ஆனால் எந்த விலையில் வரும் என்பது முன்பே எழுத்தில் இருக்கட்டும்; இருக்கும் சரக்கை விற்க நியாயமான அவகாசம் தரட்டும்; பெரிய நிறுவனத்துக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே நீதி இருக்கட்டும்; நாடு தன் கையிருப்பைப் பலமாக வைத்திருக்கட்டும்" என்று கேட்டால், 1952ஐயும் 1973ஐயும் நமக்குச் சாட்சியாக அழைக்கலாம். சங்கத்தின் கோரிக்கை மனுக்களில் இந்த ஆண்டுகளும் எண்களும் இடம்பெற வேண்டும்.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை நாம் அறிவோம். சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்தவர்தான் அதைத் திருத்தும்படி கேட்கவும் முடியும்.